வலிப்பு நோய் அல்ல என்றார் டாக்டர்; இனி எந்த வழியில் போவது?

மருத்துவமனையில் அது மூன்றாம் நாள் காலை. மூளையின் மின் அலைகளைப் பதிய என் தங்கையின் தலையில் இருபதுக்கும் மேற்பட்ட ஒயர்களைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் கேமரா. பதினொரு மணி அளவில் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. கண்கள் இறுக மூடிக்கொண்டன, தலை இடமும் வலமுமாக ஆடியது. நான்கு நிமிடம் கழித்து எல்லாம் ஓய்ந்தது. மறுநாள் டாக்டர் அந்தப் பதிவைத் திரையில் ஓட்டிக் காட்டினார். உடல் உதறிய நேரம் முழுக்கத் தசைகளின் அசைவால் கோடுகள் கறுப்பாகக் கலங்கிக் கிடந்தன. உதறல் நின்றதுமே தலையின் பின்பக்கத்து ஒயர்களில் சீப்பின் பற்களைப் போல ஒரே சீரான அலைகள் வந்தன.

"இதற்கு ஆல்ஃபா அலை என்று பெயர். விழித்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது வருவது. உடல் முழுவதும் உதறும் பெரிய வலிப்பு வந்து ஓய்ந்த மூளையில் அலைகள் மந்தமாகிக் கிடக்கும், இப்படி இருக்காது. உங்கள் தங்கைக்கு வருவது உண்மையான வலிப்பு. ஆனால் மூளையின் மின் கோளாறால் வரும் வலிப்பு நோய் (எபிலெப்சி) அல்ல, மனம் சார்ந்த வலிப்பு," என்றார்.

அதற்குள் ஆறு ஆண்டுகள் அவள் வலிப்பு மாத்திரை விழுங்கியிருந்தாள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, கடைசியில் மூன்று வகை. வேறொரு மருத்துவமனையில் ஒரே ஒரு முறை எடுத்த இ.இ.ஜி.யை (மூளை அலைப் பதிவை) வைத்துச் சொன்ன முடிவு அது. இப்படி ஆண்டுகளை இழந்தவர்கள் ஏராளம். முதல் வலிப்புக்கும் சரியான பெயர் கிடைப்பதற்கும் இடையே சராசரியாக ஏழு ஆண்டுகள் போய்விடுகின்றன என்று 2002-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருப்பது இந்த வகைதான்.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அப்படியென்றால் இவள் நடிக்கிறாளா?" தங்கை கேட்டது: "அக்கா, இனி நான் என்ன செய்வது?" முதல் கேள்விக்குப் பதில் எளிது: நடிப்பு இல்லை. அவளால் அதை வேண்டுமென்று வரவழைக்கவும் முடியாது, நினைத்தவுடன் நிறுத்தவும் முடியாது. இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மாத்திரையைத் தொடரலாம் என்பார்கள். விட்டுவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம் என்பார்கள். மன அழுத்தத்துக்கு மருந்து, வலிப்பையே குறிவைக்கும் பேச்சுச் சிகிச்சை, பழைய காயத்தைத் தொடும் சிகிச்சை என்று இன்னும் சில பேர்கள் காதில் விழும். நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நின்றவள். அந்த இடத்தில் இன்று நிற்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் உறுதியாகட்டும்

சிகிச்சையைத் தேர்வதற்கு முன் நோயின் பெயர் எதை வைத்துச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். சாதாரண இ.இ.ஜி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அந்த நேரத்தில் வலிப்பு பெரும்பாலும் வராது. அது சரியாக இருந்தால் வலிப்பு நோய் இல்லை என்றும் அர்த்தமல்ல, அதில் ஏதோ ஒரு சிறு மாறுபாடு தெரிந்தால் வலிப்பு நோய் இருக்கிறது என்றும் அர்த்தமல்ல. ஆரோக்கியமானவர்களின் பதிவிலும் கூர்மையான அலைகள் வருவதுண்டு. என் தங்கையின் ஆறு ஆண்டுகளைத் தின்றது அப்படி ஒரு அலையைத் தவறாகப் படித்ததுதான்.

வீட்டில் எடுத்த செல்போன் வீடியோ ஒரு நல்ல துணை. கண்கள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா என்பதே பெரிய குறிப்பு: வலிப்பு நோயில் பெரும்பாலும் திறந்திருக்கும், மனம் சார்ந்த வலிப்பில் பெரும்பாலும் மூடியிருக்கும். தலை பக்கவாட்டில் ஆடுவது, உதறல் விட்டுவிட்டு ஏறி இறங்குவது, இரண்டு நிமிடத்துக்கு மேல் நீள்வது, நடுவில் அழுகை வருவது ஆகியவை இரண்டாவது பக்கம் சாயும் குறிகள். நாக்கின் ஓரத்தில் ஆழமான கடி, உதறல் முடிந்தபின் குறட்டை போன்ற கனத்த மூச்சு ஆகியவை முதல் பக்கம் சாய்பவை. சிறுநீர் பிரிவதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, கீழே விழுந்து அடிபடுவதை வைத்தும் முடியாது. "அடிபட்டிருக்கிறதே, அப்படியானால் நிஜ வலிப்புதான்" என்று சொல்பவர்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இவற்றில் எந்த ஒரு குறியும் தனியாக நின்று பேசாது. மூளையின் முன்பகுதியில் கிளம்பும் வலிப்பு நோய் பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும், தலைக்கு மேல் ஒட்டிய ஒயர்களில் சில சமயம் தெரியவே தெரியாது. அதனால்தான் வழக்கமான வலிப்பு ஒன்றையாவது கேமராவும் இ.இ.ஜி.யும் சேர்ந்து பிடிக்க வேண்டும், பிறகு அனுபவமுள்ள ஒருவர் முழுக் கதையையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். வீடியோ இ.இ.ஜி. வசதி எட்டாத இடத்தில் இருப்பவர்கள் செல்போன் வீடியோவையும் நேரில் பார்த்தவரின் விவரத்தையும் கொண்டு, வலிப்பில் தேர்ந்த நரம்பியல் மருத்துவரிடம் போகலாம். அது ஓரளவு உறுதியைத் தரும், முழு உறுதியைத் தராது.

இன்னொன்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்: இரண்டும் சேர்ந்து இருக்கிறதா? மனம் சார்ந்த வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் கூடவே இருக்கிறது. பின்னால் வரும் எல்லா முடிவுகளையும் இந்தப் பதில் மாற்றிவிடும்.

காரணத்தைத் தேடுவதில் நாங்கள் செய்த தவறு

"மனம் சார்ந்தது" என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீடு துப்பறியும் இடமாகிவிட்டது. சின்ன வயதில் யாராவது ஏதாவது செய்தார்களா? காதல் தோல்வியா? அலுவலகத்தில் தொல்லையா? ஒவ்வொரு கேள்விக்கும் என் தங்கை சுருங்கினாள், வலிப்பு கூடியது. எங்கோ ஒரு ரகசியம் இருக்கிறது, அதை வெளியே எடுத்துவிட்டால் உடல் அடங்கிவிடும் என்ற எண்ணம் நூறாண்டுக்கும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்த நோயாளிகளைக் கூட்டத்துக்கு முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே, அதிர்ச்சியில் மனத்தின் ஒரு பகுதி பிரிந்து நிற்கிறது என்றார். அடக்கப்பட்ட நினைவு உடல் அறிகுறியாக மாறுகிறது என்றார் ஃபிராய்டு. இவற்றில் உண்மை உண்டு. ஆனால் எல்லாருக்கும் பொருந்தும் உண்மை அல்ல.

சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள், வன்முறையைப் பார்த்தவர்கள் இந்த நோயாளிகளிடையே மற்றவர்களைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இந்த வலிப்பும் இதையொத்த மற்ற நரம்பு அறிகுறிகளும் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, அடி உதையையும் பாலியல் கொடுமையையும்விட, குழந்தையின் உணர்வுகளைக் கவனிக்காமல் விட்டதற்கே கூடுதல் தொடர்பு தெரிந்தது. அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே தொகுப்பு இன்னொன்றையும் சொன்னது: பெரிய துயரம் எதையும் சொல்லாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இந்த நோயைச் சொல்ல மனக் காரணம் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. ரகசியம் கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

எங்களுக்குக் கண்ணைத் திறந்தது மனநல மருத்துவர் போட்டுக் கொடுத்த வேறொரு கணக்கு. காரணத்தை மூன்றாகப் பிரியுங்கள் என்றார். எது நிலத்தைத் தயார் செய்தது? எது முதல் வலிப்பைக் கிளப்பியது? எது இன்றும் அதை வரவைத்துக்கொண்டிருக்கிறது? சிகிச்சையைத் தேர்வதற்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

என் தங்கைக்கு முதல் முறை வந்தது கடும் காய்ச்சலில் நின்றுகொண்டிருந்தபோது ஏற்பட்ட சாதாரண மயக்கம். அதில் மனக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் கண் இருட்டிய அந்தக் கணம், சுற்றி நின்றவர்களின் அலறல், "ஃபிட்ஸ்" என்று யாரோ சொன்ன சொல் எல்லாம் சேர்ந்து அவள் உடம்பில் ஒரு தடம் போட்டுவிட்டன. பிறகு பதற்றம் ஒரு அளவைத் தாண்டும்போதெல்லாம் உடல் அந்தத் தடத்தில் தானாக ஓடத் தொடங்கியது. வலிப்பு வந்ததும் பதற்றத்திலிருந்து மனம் விலகிக்கொள்கிறது, ஒரு கணம் எல்லாம் ஓய்கிறது. அந்த ஓய்வே அடுத்த முறைக்கும் தடத்தை ஆழமாக்குகிறது. இதை அவள் அறிந்து செய்யவில்லை. சூடு பட்டதும் கை தானாகப் பின்னால் வருவதைப் போன்றதுதான்.

"எனக்குப் பதற்றமே இல்லையே" என்று அவள் சொன்னதும் பொய் அல்ல. இதயம் படபடக்கிறது, வேர்க்கிறது, விரல் மரத்துப்போகிறது, மூச்சு மேலே ஏறுகிறது. ஆனால் பயம் என்ற உணர்வு மட்டும் மனத்துக்கு வந்து சேர்வதில்லை. பீதியின் எல்லா அடையாளங்களும் உடலில் இருக்கும், பீதி மட்டும் தெரியாது. இந்த நோயாளிகள் பலரிடம் மருத்துவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள்.

அவள் எழுதிவைத்த நாட்குறிப்பில் இருந்த 14 வலிப்புகளில் 11 சண்டையின்போது வரவில்லை. சண்டையின்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தனியாகப் படுத்திருந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தவை. எந்தப் பழங்கதையையும் தோண்டாமலே எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

வழிகளை ஒப்பிட்டால்

வலிப்பு மாத்திரையைத் தொடர்வது. வலிப்பு நோயும் சேர்ந்து இருப்பவருக்கும், வேறு தேவைக்காக அந்த மருந்தை எடுப்பவருக்கும் இது சரி. மற்றவர்களுக்கு இது பாதுகாப்பாகத் தோன்றுகிற ஆபத்து. இந்த மருந்துகள் மனம் சார்ந்த வலிப்பைக் குறைப்பதில்லை. ஆனால் தூக்கக் கலக்கம், மறதி, சிலருக்கு மனச்சோர்வு என்று பக்க விளைவுகளை மட்டும் தவறாமல் தரும். கருவுறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுப்பதில் குழந்தையின் தண்டுவடத்துக்கும் அறிவு வளர்ச்சிக்கும் உள்ள ஆபத்து நன்றாகத் தெரிந்த ஒன்று. மாத்திரை தொடரும்வரை வீட்டில் எல்லாரும் பழைய நோயையே நம்பிக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொரு சிக்கல். ஆனாலும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால், வலிப்பு நோய் இல்லாதவருக்கும் சில மருந்துகளின் விஷயத்தில் வலிப்பு நோயில் வருவது போன்ற வலிப்பு வரலாம். நரம்பியல் மருத்துவரின் கணக்குப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

விளக்கம் கேட்டுக்கொண்டு பொறுத்துப் பார்ப்பது. இதைக் கேலியாக நினைக்க வேண்டாம். நல்ல மருத்துவர் நிதானமாக உட்கார்ந்து, "இது உண்மையானது, இதற்குப் பெயர் உண்டு, மூளை பழுதாகவில்லை" என்று விளக்குவதே சிலருக்குச் சிகிச்சையாகிவிடுகிறது. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் விளக்கம் கேட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சற்று மேல் சில மாதங்களில் வலிப்பு நின்றிருந்தது. இன்னொரு ஆய்வில் ஆறில் ஒருவருக்குத்தான் நின்றது. நோய் வந்து சில வாரங்களோ மாதங்களோதான் ஆகியிருந்தால், இந்த வழிக்கு இரண்டு மூன்று மாதம் கொடுப்பது நியாயம். ஆறு ஆண்டு ஆன என் தங்கைக்கு நியாயம் அல்ல என்று நாங்கள் முடிவு செய்தோம். காத்திருப்பதற்கும் விலை உண்டு. இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட இரண்டரை மடங்கு என்று 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. "மனசுதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

மன அழுத்த மருந்து. மனச்சோர்வோ கடும் பதற்ற நோயோ கூடவே இருந்தால் அவற்றுக்காக எடுப்பது நல்லது. வலிப்புக்கு இது மட்டுமே போதும் என்று சொல்ல ஆதாரம் மெலிவு. அமெரிக்காவில் 2014-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் 38 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். பேச்சுச் சிகிச்சை பெற்ற குழுவில் வலிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதோடு செர்ட்ரலின் என்ற மன அழுத்த மாத்திரையும் சேர்ந்த குழுவில் இன்னும் சற்று அதிகமாகக் குறைந்தது. மாத்திரை மட்டும் பெற்ற குழுவில் நம்பிச் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. 38 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதை மறக்க வேண்டாம்.

வலிப்பையே குறிவைக்கும் பேச்சுச் சிகிச்சை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று சொல்வார்கள். பொதுவான கவுன்சலிங்கும் இதுவும் ஒன்றல்ல. வாராவாரம் போய் மனம் விட்டுப் பேசிவிட்டு வருவது ஆறுதலாக இருக்கும், வலிப்பின் தடத்தை அது தொடாது. இதில் வேலை வேறு மாதிரி: வலிப்புக்கு முந்தைய அரை நிமிடத்தைக் கண்டுபிடிப்பது, அந்த இடத்தில் உடலைத் திசைதிருப்பக் கற்பது, வலிப்புக்குப் பயந்து விட்டுவிட்ட வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்வது, வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்தைக் கவனிப்பது.

இதற்கான மிகப் பெரிய சோதனை பிரிட்டனில் 368 பேரிடம் நடந்து 2020-இல் வெளியானது. முடிவை மறைக்காமல் சொல்கிறேன்: ஓராண்டு கழித்து, மாதத்துக்கு எத்தனை வலிப்பு என்ற கணக்கில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. இதைப் படித்ததும் என் நம்பிக்கை சரிந்தது. மேலும் படித்தபோதுதான், வலிப்பே இல்லாமல் தொடர்ந்து கழிந்த நாட்கள் அவர்களுக்கு நீண்டிருந்தன, வலிப்பு வந்தாலும் அது குறைவாகவே தொல்லை கொடுத்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது என்பது தெரிந்தது. ஒப்பிடப்பட்ட மற்ற குழுவும் கைவிடப்பட்ட குழு அல்ல. நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் முறையாக விளக்கிக் கவனித்தவர்கள் அவர்கள். அந்த அளவு கவனிப்புகூடக் கிடைக்காதவர்கள்தான் நம்மில் அதிகம். அதனால் இந்த வழியை நான் முதலில் வைக்கிறேன்.

பழைய காயத்தைத் தொடும் சிகிச்சை. ஒரு கொடும் நிகழ்வு இன்றும் கெட்ட கனவாக, பட்டப்பகலில் கண்முன் ஓடும் காட்சியாக, அந்த இடத்தைக் கண்டாலே விலகி ஓடும் பயமாக உயிரோடு இருந்தால், அதைத் தொடாமல் வலிப்பை மட்டும் அடக்கப் பார்ப்பது வீண். நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் முறை, அப்படிப்பட்ட நோயாளிகளின் ஒரு சிறிய குழுவில் பெரும்பாலோருக்கு வலிப்பை நிறுத்தியது. ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு என்றாலும் என் மதிப்பில் பொருட்படுத்த வேண்டியது. ஆனால் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே போக வேண்டும். காயமே இல்லாதவரிடம் தோண்டுவது என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தோம்.

மனக்குவிப்புப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி ஆகியவை துணைக்கு நல்லவை. தனியாக நம்பும் அளவுக்கு இன்னும் ஆதாரம் சேரவில்லை. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது எந்த வழியோடும் சேர வேண்டிய ஒன்று. வலிப்பு வந்தால்தான் வீட்டில் சண்டை நிற்கிறது, அப்போதுதான் அவளைக் கவனிக்கிறார்கள் என்ற நிலை இருந்தால் எந்தச் சிகிச்சையும் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

யாருக்கு எது

வலிப்பு நோயும் சேர்ந்து இருப்பவர், வலிப்புக்கான மாத்திரையையும் பேச்சுச் சிகிச்சையையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வலிப்பு எந்த வகை என்று வீட்டாருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையாக இருந்தால் தாமதிக்கவே கூடாது. குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள், பள்ளியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் விரைவாக. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கென்று ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட வலிப்பைப் பார்த்ததும் அங்கே வலுவான மருந்தை ஏற்றி, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது வரை போய்விடும். நிற்காத வலிப்புக்கான மருந்துகளைச் சோதித்து 2019-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலேயே, சேர்க்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு இருந்தது மனம் சார்ந்த வலிப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் தாளில் நோயின் பெயர், வீடியோ இ.இ.ஜி. எடுத்த தேதி, அவளுடைய வழக்கமான வலிப்பின் விவரம், எதைக் கண்டால் வழக்கத்துக்கு மாறானதாகக் கருத வேண்டும் என்பது, மருத்துவரின் கையெழுத்து ஆகியவை இருக்கின்றன. வீட்டில் வந்தால் பக்கத்தில் உள்ள கூரிய பொருட்களை நகர்த்துவோம், பிடித்து அழுத்த மாட்டோம், வாயில் எதையும் திணிக்க மாட்டோம், தாழ்ந்த குரலில் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வோம்.

என் தங்கை வலிப்பைக் குறிவைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கு நான்கு மாதத்தில் 12 அமர்வுகள் போனாள். மாத்திரைகளை அதே காலத்தில் மருத்துவர் ஒவ்வொன்றாகக் குறைத்தார். அவளுடைய முன்னறிவிப்பு எது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது: வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போகும், பேச்சுக் குரல்கள் தூரத்திலிருந்து வருவதுபோல் ஆகும். அந்தக் கணத்தில் கையில் எடுக்க அவள் தேர்ந்துகொண்டது சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியின் பல்லையும் கட்டைவிரலால் தடவி, அது எந்தப் பூட்டுக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் இரண்டு சாவிக்கு மேல் போவதற்குள் விழுந்துவிடுவாள்.

சென்ற மாதம் எனக்கும் அவளுக்கும் ஒரு வாக்குவாதம். வழக்கம்போல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் கதவுக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. "வாசல் கதவு. அலமாரி. வண்டி. அலுவலக மேசை." ஐந்தாவது சாவி எதற்கென்று அவளுக்கு மறந்துவிட்டது. அறையிலிருந்து வெளியே வந்து என்னிடம் கேட்டாள். சொன்னேன். பிறகு எதிரில் உட்கார்ந்து, எதற்காக என்மேல் கோபம் என்று சொல்லத் தொடங்கினாள்.